முழுவதும் படித்தோம்

அந்தச் சலவை ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவளைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், ஓடுகிற இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே, "இந்தப் பொண்ணு டிகிரி முடிச்சது! இனிமே ஆபீஸ் வேலை எல்லாம் இதுதான் பாக்கும்!" என்று கத்தினார். கடைசி இயந்திரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு சொல். அன்று ஒட்டிக்கொண்டதுதான் 'டிகிரி'.

அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் பதினாறு வகுப்பறைகளைப் பெருக்கித் துடைப்பவள். மகளின் பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, முன்னறையில் மின்விசிறி சுவிட்சுக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள் அம்மா. வீட்டுக்கு வருகிற யாருக்குப் புழுங்கினாலும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எட்டு மாதம் அவள் இணையத்தில் வேலை தேடியிருந்தாள். அனுப்பியதையெல்லாம் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். பாதிக்கு மேல் கிணற்றில் போட்ட கல். மீதிக்கு 'வருந்துகிறோம்'. சில 'வருந்துகிறோம்' அனுப்பிய இரண்டாவது நிமிடத்திலேயே வந்து நிற்கும். இரண்டு நிமிடத்துக்குள் யாரும் ஒரு பயோடேட்டாவைப் படித்து, யோசித்து, அப்புறம் வருத்தமும் பட்டுவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் வேலை கிடைத்தது, பஸ்ஸுக்கு நின்றபோது இந்த ஆலையின் கேட்டில் தொங்கிய ஓர் அட்டையைப் பார்த்து.

அதனால்தான், பதினான்கு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அடுத்த மாசத்துலேர்ந்து இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி துணி வருது. தரம் பிரிக்கிற இடத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும்" என்றார் அவர். "மச்சான் சொன்னான், மாமா சொன்னாருன்னு ஆள் எடுத்த வரைக்கும் போதும். போனவனைப் பாத்தேல்ல? சூடா வந்த பெட்ஷீட் அடுக்கு மேல படுத்துத் தூங்கினான். எழுப்பினா போர்வை கேக்கறான். இன்டர்நெட்ல போடு. நீதான் அங்கெல்லாம் அலைஞ்சவ."

இத்தனை நாள் கவுண்டருக்கு வெளியே நின்றவளை உள்ளே வந்து உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது. தான் பட்டதை வேறு யாரும் படக் கூடாது, எல்லாவற்றையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

முதலில் அது என்ன வேலை என்று தெரிந்தாக வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கீழ்த்தளத்தில் போய் நின்றாள். சூப்பர்வைசர் போன பிறகு அந்த இடத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் டோக்கன் அக்கா. முப்பத்தாறு வயது. வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் டோக்கன் கட்டுவது மட்டும்தான் அவளுக்கு என்று பேச்சு. ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எந்த மூட்டை எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டும், எதை மற்றதோடு கலக்கவே கூடாது, யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும்.

"அதை ஏன் தனியா வைக்கறீங்க, அக்கா?"

"அது ஆபரேஷன் தியேட்டர் துணி. மடிப்பை உதறிப் பாக்காம மெஷின்ல போடக் கூடாது. கத்திரி வரும், ஊசி வரும். ஒரு தடவை பல்செட்டு வந்தது."

"பல்செட்டா! என்ன பண்ணீங்க?"

"ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போன் போட்டு, உங்க வார்டுல காலையிலேர்ந்து யாராச்சும் பேசாம இருக்காங்களான்னு கேட்டேன்."

டிகிரி சிரித்து முடித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்: 'துணியோடு வரும் பொருள்களை உரியவரிடம் சேர்த்தல்.'

"என்ன எழுதற? என் மேல புகாரா?"

"இல்லக்கா. சூப்பர்வைசர் வேலைக்கு விளம்பரம் போடப் போறோம்."

டோக்கன் அக்கா முடிச்சை இறுக்கினாள். "போடு, போடு. எந்த சைட்டுல வரும்னு மட்டும் சொல்லு" என்றாள். டிகிரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இணையதளத்தின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

விளம்பரம் நன்றாக வந்தது. 'சுறுசுறுப்பு', 'அர்ப்பணிப்பு' போன்ற வெறும் சொற்கள் ஒன்றுகூட இல்லை. பதினோரு வேலைகள், பார்த்தது பார்த்தபடி. அதன் பிறகு அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்டது: விண்ணப்பிக்கிறவருக்குப் பட்டப்படிப்பு கட்டாயமா? கட்டாயம் என்றால், 'இல்லை' என்று பதில் சொல்கிறவர்களைத் தளமே ஒதுக்கிவிடும். மறுப்புக் கடிதமும் தானாகப் போய்விடும்.

முதலாளி டிகிரி கேட்டிருக்கவில்லை. அவள் 'கட்டாயம்' என்ற கட்டத்தில் டிக் செய்தாள். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தால் ஒருத்தி எப்படிப் படிப்பது என்பதுதான் அப்போது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

ஆனால் ஒதுக்கப்படுகிறவர்களுக்குப் போகும் கடிதத்துக்காக ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்தாள். தளம் கொடுத்த மாதிரிக் கடிதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அது அவளுக்கே எத்தனையோ முறை வந்த கடிதம். அந்த எட்டு மாதத்தில் தனக்கு யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று ஏங்கிய ஒரு வரியைச் சேர்த்தாள்: 'உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தோம்.' படித்துப் பார்க்க அவளுக்கே இதமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு விளம்பரம் வெளியானது. பதினொன்றே காலுக்கு டோக்கன் அக்கா மாடிப்படி ஏறி வந்தாள். ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் போன்.

"இது நீ எழுதினதா?"

திரையில் இருந்தது அவள் கடிதம். 'உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தோம்.'

"டீ வாங்கிட்டு உக்காந்து அனுப்பினேன். குடிக்கலாம்னு வாய்கிட்ட கொண்டுபோறேன், பதில் வந்துடுச்சு." அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். "தொட்டுப் பாரு. ஆறவே இல்ல. அதுக்குள்ள முழுசா படிச்சுட்டியா?"

"நான் படிக்கலக்கா. அது கம்ப்யூட்டரே அனுப்பறது."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?"

டிகிரி அந்த டம்ளரைத் தொட்டாள். சுட்டது. "நான்தான்" என்றாள்.

டோக்கன் அக்கா கத்துவாள் என்று டிகிரி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "சரிங்க, மேடம்" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று மத்தியானம் கீழே எல்லோரும் டிகிரியை 'மேடம்' என்றார்கள். 'மேடம், வழி விடுங்க.' 'மேடம், பார்த்துங்க, தரை ஈரம்.'

வீட்டில் அம்மா, "எத்தனை பேரு போட்டிருக்காங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நூத்தி நாப்பத்தி நாலு."

"அத்தனை பேரும் உன்கிட்டயா! டிகிரி கேட்டிருக்கல்ல?"

"கேட்டிருக்கேன்."

"அப்படித்தான் கேக்கணும்" என்றாள் அம்மா, துணியை மடித்துக்கொண்டே. "கேக்கலைன்னா நாங்க பட்ட பாடெல்லாம் எதுக்கு? நீ கண்ணு முழிச்சுப் படிச்சது எதுக்கு?"

அம்மா சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? டிகிரி மின்விசிறியைப் போடப் போனாள். சுவிட்சில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். 'கட்டாயம்' என்று டிக் செய்த அந்த நொடியில், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பற்றியா நினைத்தாள்? இல்லை. டிகிரி இல்லாமலே இந்த வேலையை ஒருத்தி இவ்வளவு நன்றாகச் செய்கிறாள் என்பதை மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். பார்த்தது எங்கேயோ உறுத்தியிருந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் இந்தத் தாளுக்கு அப்புறம் என்ன மதிப்பு என்ற பயம்தான் அவள் விரலை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஒதுக்கப்பட்டவர்கள் பட்டியலைத் திறந்தாள். எண்பத்து மூன்று பேர். முதலாளியின் பார்வைக்குப் போகும் பட்டியலில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. நேர்காணல் திங்கட்கிழமை, அன்றைக்கு யாரையாவது எடுத்துவிட்டால், டோக்கன் அக்கா ஒரு புது ஆளுக்குத் தன் வேலையையே சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி டோக்கன் கட்டப் போவாள். டிகிரி அக்காவின் விண்ணப்பத்தைத் திறந்தாள். 'தற்போது பார்க்கும் வேலை பற்றி விவரிக்கவும்' என்ற இடத்தில் எழுதியிருந்தது:

'நீங்கள் விளம்பரத்தில் எழுதியிருக்கிற பதினொன்றும். என் பின்னால் நின்றுதான் எழுதினீர்கள்.'

டிகிரி நேரே முதலாளி அறைக்குப் போனாள். சொல்லி முடிக்கும்வரை உட்காரவில்லை.

"டிகிரி நான் கேக்கவே இல்லையேம்மா" என்றார் அவர்.

"நீங்க கேக்கல, சார். நானா வச்சேன்."

"சரி விடு. அந்த அக்கா பேரை லிஸ்ட்ல சேத்துடு. முடிஞ்சுது."

அவளும் அதைத்தான் கேட்க வந்திருந்தாள். ஆனால் அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் அவள் அங்கிருந்து நகரவில்லை. "அவங்க இங்கயே இருக்கறதால டம்ளரோட மேல வந்து கேட்டுட்டாங்க, சார். மீதி எம்பத்தி ரெண்டு பேரு எங்க வந்து கேப்பாங்க? எல்லாரையும் படிக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க."

"எம்பத்தி மூணு பேரையுமா! இங்க முதலாளி நீயா, நானா?"

"நீங்கதான், சார். படிக்கப் போறது நான்."

அவர் மேசைமேலிருந்த பில்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "படிச்சுத் தொலை. ஆனா மத்த வேலை எதுவும் நிக்கக் கூடாது."

அவள் 'கட்டாயம்' என்பதை நீக்கினாள். எண்பத்து மூன்று பேருக்கும் புதுக் கடிதம் எழுதினாள். இதற்கு ஒரு மத்தியானம் ஆகவில்லை. பத்து நிமிடம் போதுமாக இருந்தது. 'நேற்று உங்களுக்கு வந்த கடிதத்தில், உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தோம் என்று எழுதியிருந்தது. அது உண்மை இல்லை. படிக்கவில்லை. இப்போது படிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுகிறேன்.' கீழே, அந்த ஆலையில் யாரும் கூப்பிடாத தன் பெயரைப் போட்டாள்.

படித்தாள். மூன்றாவது விண்ணப்பத்திலேயே ஒருவர், தான் எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்வதாக எழுதியிருந்தார். இன்னொருவர் பதினோரு வருடம் ஓட்டல் துணிகளை வெளுத்தவர், ஓட்டலை மூடிவிட்டார்களாம். பலருக்கு இந்த வேலைக்குத் தேவையான அனுபவம் எதுவும் இல்லை. அவர்களுக்கும், ஏன் எடுக்க முடியவில்லை என்று இரண்டு வரி எழுதினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்குக் கண் எரிந்தது. திங்கட்கிழமைக்கு எட்டுப் பேர் தேறினார்கள். டிகிரி இருந்தவர்கள் ஐந்து, இல்லாதவர்கள் மூன்று.

முதலாளி யாரிடமும் அதிகமாகக் கேள்வி கேட்கவில்லை. டோக்கன் கட்டாத ஒரு கலப்பு மூட்டையை மேசைமேல் கொட்டி, "பிரிச்சுக் காட்டுங்க" என்றார். சிலர் நிறம் பார்த்துப் பிரித்தார்கள். ஓட்டல்காரர் துணியின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்துப் பிரித்தார். டோக்கன் அக்கா பிரிக்கவே ஆரம்பிக்கவில்லை. "கையுறை எங்க?" என்று கேட்டுவிட்டு நின்றாள்.

"கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் போடணுமே, அதுக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டார் முதலாளி.

"மேடம் சொல்லிக் கொடுப்பாங்க" என்றாள் அவள், டிகிரி பக்கம் திரும்பாமலே.

பகல் ஷிப்டுக்கு டோக்கன் அக்காவும், புதிதாகத் தொடங்கும் மாலை ஷிப்டுக்கு ஓட்டல்காரரும் என்று முடிவானது. அம்மாவிடம் சொன்னபோது, "டிகிரி இல்லாதவங்களையா எடுத்தீங்க?" என்று முகம் சுருங்கினாள். சான்றிதழின் கண்ணாடியை அன்றைக்கு இரண்டு முறை துடைத்தாள்.

பகல் ஷிப்ட் சூப்பர்வைசர் பதினெட்டு நாள் டிகிரியை 'மேடம்' என்றே கூப்பிட்டாள். ரிப்போர்ட் போடக் கற்றுக்கொண்டபோதும் 'மேடம்'தான். பத்தொன்பதாம் நாள், இயந்திரங்கள் எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, கீழே மூட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, மாடிப்படியின் அடியிலிருந்து ஒரு குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏய் டிகிரி! டோக்கன் கட்ட ஒரு ஆள் வேணும்னு இன்டர்நெட்ல போடு! படிப்பெல்லாம் கேட்டு வைக்காத, பல்லு சொந்தப் பல்லா இருந்தா போதும்!"

டிகிரி நோட்டை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.