எடில்மாவின் கைக்கு எத்தனை மதிப்பெண்

எடில்மா சிஃபுவெந்தெஸ், பொகோட்டாவுக்குப் பக்கத்தில் ஃபாக்கா என்ற ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் பல வருஷமாக ரோஜா வெட்டுகிறாள். பிப்ரவரியில் அமெரிக்கக் காதலர்கள் ஒருவருக்கொருவர் நீட்டிக்கொள்ளும் ரோஜாக்கள் அவை. எடில்மாவிடம் யாரும் ரோஜா நீட்டியதில்லை, கத்தரிக்கோலைத்தான் நீட்டினார்கள். அதன் பலனாக வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைப் போடவே பல்லின் உதவி வேண்டியிருந்தது. இன்னொரு பிப்ரவரியும் இதே வேலை என்றால் கை போய்விடும். அதற்குள் வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருந்தாள்.

"பார்க்கலாம்" என்றார் பண்ணை மருத்துவர் ஒஸ்பினா. பார்ப்பதற்கு அவருக்கு ஒரு கருவியும் கிடைத்திருந்தது. கையும் தோளும் எவ்வளவு உதவுகின்றன என்று நோயாளியிடமே கேட்டு, பதில்களைக் கூட்டி ஓர் எண் தரும் ஆங்கிலக் கேள்வித்தாள் அது. எண் ஏற ஏறக் கை மோசம் என்று பொருள். நிதியா என்ற பொகோட்டாப் பெண் அதை ஸ்பானிஷில் ஆக்கி, பண்ணை ஆட்களிடம் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னும் சோதனைலதான் இருக்கு டாக்டர். இத வெச்சு முடிவெடுக்காதீங்க" என்று அவள் எச்சரித்தாள். இனாமாகக் கிடைக்கும் எண்ணை எந்த நிர்வாகம் வேண்டாம் என்றது?

எடில்மாவும் அவள் கணவன் அர்செசியோவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தாளை நிரப்பினார்கள். அவன் டிராக்டர் ஓட்டுபவன், கட்டைவிரல் சுளுக்கியிருந்தது. சமைக்க முடிகிறதா? படுக்கை விரிக்க முடிகிறதா? சுவரைக் கழுவ முடிகிறதா? இப்படிப் போயின கேள்விகள்.

எடில்மா யோசித்தாள். காலையில் சோள ரொட்டி சுட்டாள், படுக்கை விரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தாள், ஆனாலும் செய்துவிட்டாளே. 'கொஞ்சம் சிரமம்' என்று குறித்தாள்.

அர்செசியோ தலையைச் சொறிந்தபடி எதிரே நின்ற நிதியாவைப் பார்த்தான். "பாப்பா, இதெல்லாம் நான் செஞ்சதே இல்லையே."

"செஞ்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்துப் போடுங்கண்ணே."

அவன் நேர்மையாக நினைத்துப் பார்த்தான். சமையல்: முடியவே முடியாது. படுக்கை: முடியவே முடியாது. சுவர்: சொல்லவே வேண்டாம்.

முடிவு வந்தது. பண்ணையிலேயே மோசமான கை அர்செசியோவுடையது. அவனை வாயிலில் உட்கார்ந்து லாரி எண் குறிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். எடில்மாவின் கை ஏறக்குறைய ஆரோக்கியம். அவள் கத்தரிக்கோலுக்கே திரும்பினாள்.

நிதியாவின் முகம் வாடிவிட்டது. "பொம்பளைங்க எல்லாருக்கும் கம்மியாவே வருதுக்கா. ரெண்டு வாரம் கழிச்சு இதே கேள்விய இதே ஆளுங்ககிட்ட கேப்போம். கை மாறலைன்னா பதிலும் மாறக் கூடாது. அப்பதான் தாள் சரின்னு அர்த்தம்."

"சரிம்மா. கைய நான் மாத்தல. வீட்ட மாத்திப் பாக்கறேன்" என்றாள் எடில்மா.

அன்று மாலை அர்செசியோ அடுப்பை எட்டிப் பார்த்தான். "ஏம்மா, சூப் எங்க?"

"கிழங்கு மூட்டையில இருக்கு."

"நான் நோயாளிம்மா. டாக்டரே சொல்லிட்டாரு."

"ஒரு விரல்தான் நோயாளி. மிச்ச ஒம்பதும் லீவுலயா இருக்கு?"

முதல் நாள் சூப் உப்புக் கரித்தது. அவள் மூச்சு விடாமல் குடித்தாள். வார முடிவில் அவன் விரித்த படுக்கையைத் தானே நின்று ரசிக்கும் அளவுக்கு முன்னேறிவிட்டான்.

இரண்டாம் முறை தாள் வந்தது. "சமையலா? சிரமமே இல்ல பாப்பா" என்று அர்செசியோ மார்தட்டினான். எடில்மாவோ, செய்து முடித்த வேலைகளை எண்ணாமல் முதல்முறையாகத் தன் கையைப் பார்த்தாள். சமையல்: முடியவே முடியாது. அது உண்மையும்கூட.

இந்தத் தாள் கையை அளக்கவில்லை, வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்பதை அளக்கிறது என்று நிதியா தன் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியருக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது: 'முரண்பாடான அந்த இருவரையும் கணக்கிலிருந்து நீக்கு.' நீக்கியதும் தாள் மிக நம்பகமானதாகிவிட்டது. அறிவியலுக்கு இடைஞ்சலாக இருந்தது அந்த இரண்டு மனிதர்கள் மட்டும்தானே.

ஒஸ்பினா யாரையும் நீக்கவில்லை, புது எண்களைப் பார்த்தார். அர்செசியோ குணமாகி டிராக்டருக்குப் போனான். எடில்மாவைக் கூப்பிட்டார்.

"உனக்கு லேசான வேலை போட்டிருக்கேன். கத்தரிக்கோல் கெடையாது. கேன்டீன்ல கிழங்கு உரிக்கணும், அவ்வளவுதான்."

"எத்தன பேருக்கு டாக்டர்?"

"மொத்தப் பண்ணைக்கும்தான். பொம்பளைங்களுக்கு இது ஒரு வேலையா?"

"சமையல் கேள்விக்கு நான் என்ன போட்டிருக்கேன்னு பாத்தீங்களா?"

அவர் கணினியைப் பார்த்தார். "இதுல கூட்டுத்தொகை மட்டும்தாம்மா இருக்கு."

"அப்ப தாளத் தேடுங்க." எடில்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கெடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, கிழங்குக்குத்தான் அவசரம்."

ஒஸ்பினா அலமாரியைத் திறந்தார், மூடினார், அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில் தொலைபேசியை எடுத்துக் கேன்டீனைக் கூப்பிட்டார். "இன்னிக்குக் கிழங்குக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. ஆமா, நாளைக்கும்தான்."