எவன்ரை கேம் பெட்டி திறம்?

பழைய சாமான் கடையில் அந்தக் கறுப்பு வீடியோ கேம் பெட்டியைக் கண்டதும் என் கை தானாகவே முஷ்டியாக மடங்கியது.

உடுப்பிட்டி வீட்டில் டிவி ஒன்று, கேம் பெட்டிகள் இரண்டு. என்னுடையது லண்டனிலிருந்து வந்தது. எங்களோடு வளர்ந்த மச்சான் ரவியுடையது, இதே கறுப்புப் பெட்டி, ஜெர்மனியிலிருந்து. இரண்டுமே அங்கே விலைபோகாத சரக்கு என்பது எங்களுக்குத் தெரியாது. எதை டிவியில் கொழுவுவது என்பதில்தான் சண்டை.

"உன்ரை பெட்டியிலை ஆள் ஓடுறதுக்குள்ளை விடிஞ்சிடுமடா!" என்பான் ரவி.

"உன்ரையிலை ஆள் எது, மரம் எது எண்டே தெரியேல்லை!"

ஒருநாள் சண்டைக்கு நடுவே ராணுவத்தின் ஷெல் விழத் தொடங்கியது. முற்றத்துப் பங்கர் குழிக்குள் ஓடியும் நாங்கள் விடவில்லை. அவன் என் உதட்டைக் கிழித்தான், நான் அவன் மூக்கை உடைத்தேன்.

"வெளியிலை அவங்கள் கொல்லுறாங்கள், உள்ளுக்கை நீங்களோ?" என்று அப்பா இருவரையும் அறைந்தார்.

வெளியே வந்தபோது பாதி வீட்டைக் காணோம். ரவி சாம்பலைக் கிளறி இரண்டு பெட்டிகளையும் இழுத்தெடுத்தான்.

"பாரடா, உன்ரை முழுக்க உருகிப்போச்சு. என்ரை அரைவாசி கிடக்கு. இப்ப சொல்லு, எது திறம்?"

அம்மா தலையிலடித்து அழுதுகொண்டிருக்க, நான் மறுபடியும் அவன்மேல் பாய்ந்தேன்.