வெர்லீன் கோத்த புழுக்கள்

டெல்பர்ட் ப்ரூவிட் முப்பத்திரண்டு வருடமாக ஏசி பழுது பார்க்கிறவன். சின்னச் சாமான் போயிருந்தால் சின்னச் சாமான் என்றுதான் சொல்வான். மெஷினையே தூக்கிப் போட வேண்டும் என்று யாரையும் பயமுறுத்தியதில்லை. வடக்கு அலபாமாவின் அந்தப் பகுதியில் அவன் சொல்லுக்கு மரியாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டைச் சுற்றிக் கொண்டுபோவதும் அவன்தான். இப்பேர்ப்பட்ட ஆள் மூன்று வருடம் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு மாரடித்தான். அதுவும் ஒரு சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் புழுவுக்காக.

அவர்களுடைய மீன்பிடி கிளப்பில் இருபத்திரண்டு பேர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போட்டி. விடியும்போது படகு இறங்கும், மூன்று மணிக்குக் கரைக்குத் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஐந்து பாஸ் மீன், உயிரோடு. தராசில் நிறுத்ததும் ஏரியில் விட்டுவிடுவார்கள். ஜெயித்தவன் மைக்கைப் பிடித்து மீன் எதைக் கடித்தது என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் பிடித்தான் என்பதை மறைக்கலாம், மாற்றியும் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் இரையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. கேட்டுவிட்டுப் போகிறவன் அடுத்த முறை அதை நம்பித்தானே வீசப் போகிறான்.

இந்த ஊர் ஆண்களுக்குப் பிடித்தது பெரிய ஈயத் தலையும் அதைச் சுற்றி ரப்பர் பாவாடையும் கட்டிய கனத்த தூண்டில். தடிக் கம்பு, தடித்த தூண்டில் நரம்பு. கடித்தால் ஒரே வெட்டு, மீன் படகில் வந்து விழ வேண்டும். மெல்லிய கம்பில் குட்டிப் புழுவைக் கட்டி மெதுவாக இழுப்பவனைக் கண்டால் இளக்காரம். "என்ன, பேத்தி கம்பத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்பார்கள். பாவாடை கட்டியதை வீசுகிறவன்தான் ஆம்பளை என்பது அவர்கள் கணக்கு. இதில் இருக்கிற வேடிக்கை இருபத்திரண்டு பேரில் ஒருத்தனுக்கும் உறைத்ததில்லை. பேத்தி கம்பு என்ற கேலியைக் கிளப்பில் ஆரம்பித்து வைத்ததே டெல்பர்ட்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீர் தெளிந்து போனது. மீன்கள் பெரிய தூண்டிலைக் கண்டாலே விலகின. தொடர்ந்து ஐந்து போட்டியில் டெல்பர்ட் வெறும் பையோடு திரும்பினான். கடைசியில் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய், தெரிந்தவர் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குட்டிப் புழு ஒரு பாக்கெட்டும் சின்ன ஈயத் தலை வைத்த தூண்டில் முள் ஒரு பாக்கெட்டும் வாங்கி வந்தான்.

வாங்கி என்ன செய்ய? கோக்க வரவில்லை. ஏதோ ஒரு வீட்டு ஏசியின் விசிறி அவனுடைய வலது கட்டைவிரலைப் பிளந்து பத்து வருடம் ஆகிறது, அது மடங்காது. கண்ணும் முன்போல இல்லை. முள் புழுவின் நட்ட நடுவில் நுழைந்து, நடுவிலேயே ஓடி, சரியான இடத்தில் வெளியே வர வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் புழு கோணிக்கொண்டு தண்ணீரில் சுற்றும், நரம்பை முறுக்கும், மீன் கிட்டேயே வராது. டெல்பர்ட் கோத்தது ஒவ்வொன்றும் சுளுக்குப் பிடித்த மாதிரி நின்றது. நாலாவது புழுவைச் சுவரில் விட்டெறிந்தான்.

"இங்க கொடு," என்றாள் வெர்லீன்.

டெல்பர்ட்டின் மனைவி. காலுறை ஆலையில் இருபது வருடம் விரல்முனை தைத்தவள். புழுவை முள்ளின் மேல் வைத்து, முள் வெளியே வர வேண்டிய இடத்தை நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தாள். முனையை நடுவில் குத்தி, முள்ளைத் திருப்பாமல் புழுவை அதன் மேல் ஏற்றினாள். அடையாளம் வைத்த இடத்திலேயே முனை எட்டிப் பார்த்தது. கழுத்தில் ஒரு சொட்டுப் பசை. தண்ணீர் நிரப்பிய பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டபோது ஈயத் தலை அடியில் உட்கார, புழு நேராக வால் தூக்கி நின்றது.

அன்றிலிருந்து போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் முப்பது புழு கோத்துப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். ஈயத்தில் கனம் எழுதியிருக்காது என்பதால், கனமானவற்றின் தலையில் தன் நகச்சாயத்தை ஒரு பொட்டு வைப்பாள். நல்ல தக்காளிச் சிவப்பு. அவளும் எப்போதும் அதைத்தான் பூசுவாள்.

டெல்பர்ட் ஜெயிக்க ஆரம்பித்தான். மற்றப் படகு கண்ணில் பட்டால் மெல்லிய கம்பைப் படகின் அடிப்பெட்டிக்குள் தள்ளிவிட்டுத் தடிக் கம்பைக் கையில் எடுத்துக்கொள்வான். கரையில் மைக்கைப் பிடித்து, "பழைய கறுப்புப் பாவாடைதாம்ப்பா, வேற என்ன!" என்பான். வெர்லீன் மடக்கு நாற்காலியில் அவித்த வேர்க்கடலைப் பையோடு உட்கார்ந்து கை தட்டுவாள்.

முதல் தடவை வண்டியில் வரும்போது அவள் சிரித்தாள். "பாவாடையாம் பாவாடை! கர்த்தர் கேட்டுக்கிட்டிருக்காரு டெல்பர்ட்."

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, சிரிக்காமல் கேட்டாள். "எம் பொண்டாட்டி கோத்துக் கொடுத்ததுன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"அந்தப் பயலுங்களைப் பத்தி உனக்குத் தெரியாது. சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க. அடுத்த தடவை சொல்றேன்."

அடுத்த தடவை என்பது அவன் வாயில் வழுக்கிக்கொண்டே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவன் நன்றாகவே செய்து வந்தான். மறைத்தது பூசணிக்காயை அல்ல, எதிரே உட்கார்ந்து கை தட்டும் ஒருத்தியை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று நான் சொல்வதுகூட அவனுக்காகப் பரிந்து பேசுவதுதான்.

அந்த ஏப்ரல் மாதப் போட்டியில் ஏழு பவுண்டு மீன் ஒன்று கிடைத்தது. புழுவை அடித்தொண்டை வரை விழுங்கியிருந்தது. பிடுங்கினால் மீன் செத்துப்போகும், செத்த மீனுக்கு எடையில் கழிப்பார்கள். அதனால் நரம்பை வாய்க்குள்ளேயே ஒட்ட வெட்டி மீனைப் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டான். தொண்டைக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான்.

அன்றும் அவனுக்கே முதல் இடம். "கறுப்புப் பாவாடை!" என்று மைக்கில் முழங்கிவிட்டான். எடை பார்க்கும் ராய்ஸ், போட்டோவுக்காக அந்தப் பெரிய மீனின் தாடையைப் பிடித்துத் தூக்கினான். மூன்று மணி நேரமாகத் தொட்டியில் கிடந்த மீன் ஒரு உதறு உதறி, விழுங்கியதைக் கக்கியது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். டெல்பர்ட் மீன் வாயால் கெட்டான்.

ராய்ஸ் அதை இரண்டு விரலால் எடுத்து உயர்த்தினான். "இது என்னடா டெல்பர்ட்? பாவாடையத் துவைச்சதுல சுருங்கிப் போச்சா?"

கரையே சிரித்தது.

"இருங்க இருங்க, தலையில பொட்டு வேற இருக்கு. நகச்சாயம்! டேய், நீ பூசிக்கிறியா?"

டெல்பர்ட்டின் காது மடல் கொதித்தது. அவன் கண் தானாக வெர்லீனிடம் போனது. அவள் முதல் வரிசையில் இருந்தாள். மடியில் கடலைப் பை, அதன் மேல் பத்து விரல், பத்திலும் தக்காளிச் சிவப்பு. ஒரு சொல் போதும். அந்த நேரத்தில் 'எம் பொண்டாட்டி' என்று சொல்லியிருந்தால் சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும்.

அவளைப் பார்த்தபடியே டெல்பர்ட் சொன்னான். "எவளோ ஒருத்தி கரையில உக்காந்து வீசியிருப்பா. மீன் அதை முன்னாடியே முழுங்கியிருக்கும். எனக்கென்ன தெரியும்?"

வெர்லீன் மெல்லத் தன் இரண்டு கையையும் கடலைப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். வீட்டில் சோளரொட்டி சுட்டாள், பீன்ஸ் பரிமாறினாள், மறுநாள் தேவாலயத்தில் பாடினாள். டெல்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. காணிக்கைத் தட்டை அவள் வரிசைக்கு நீட்டும்போது வேறு பக்கம் பார்த்தான். திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த போட்டிக்கு முந்தைய நாளும் முப்பது புழு பெட்டியில் இருந்தது. ஒன்றிலும் பொட்டு இல்லை. அவள் விரலிலும் சாயம் இல்லை. காலையில், "நான் வரல. நீ போ," என்றாள்.

டெல்பர்ட்டுக்குப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. நாள் முழுவதும் பெரிய தூண்டிலையே வீசினான், ஒரு மீனும் கடிக்கவில்லை. மூன்று மணிக்கு வெறுங்கையோடு எடை பார்க்கும் மேடையில் ஏறினான். மீன் இல்லாதவன் மைக்கைத் தொடுவது வழக்கமில்லை. ராய்ஸே பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டான்.

"மூணு வருஷமா நான் ஜெயிச்சது எல்லாம் குட்டிப் புழுவுலதான். எனக்குக் கோக்க வராது. வெர்லீன்தான் கோத்துக் கொடுக்கிறா. அந்தப் பொட்டு அவளோடது. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். அவளை எவளோ ஒருத்தின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ்தான் முதலில் பேசினான். "எங்களுக்குத் தெரியும் டெல்பர்ட். அன்னிக்கே தெரியும். அவ கையை மறைச்சதை எல்லாரும்தான் பார்த்தோம். அதுக்கப்புறம் எவனுக்கும் சிரிப்பு வரல."

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தானா தெரியாது. அவள் பாத்திரத்தைத் துடைத்து முடித்தாள்.

"நீ பொய் சொன்னது போகட்டும். அதுக்கு நான் எதுக்குக் கையை மறைச்சேன்? இருபது வருஷம் அந்த ஆலையில வேலை பார்த்த கை. திருடினவ மாதிரி ஒளிச்சு வெச்சேன். பதினஞ்சு நாளா அதுதான் எனக்கு ஆறல."

"தப்புதான் வெர்லீன். நான் என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்."

அவள் துடைத்த துணியை மடித்து வைத்தாள். "அடுத்த போட்டிக்கு நானும் வர்றேன். நாற்காலிக்கு இல்ல, படகுக்கு. பேர் கொடு. கோக்கத் தெரிஞ்சவளுக்கு வீசத் தெரியாதா?"

கிளப்பில் இதுவரை எந்தப் பெண்ணும் பேர் கொடுத்ததில்லை. ராய்ஸ் என்ன சொல்வான், பயல்கள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள் என்று டெல்பர்ட்டின் மனம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வெட்கங்கெட்ட மனம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். "சரி," என்றான். மனதாரத்தான் சொன்னான்.

ஆனால் அந்த ஒரு மூச்சை வெர்லீன் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.