கிட்டாருக்குள்ளே ஒரு கை

ஊட்டியில தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் உறைஞ்சேதான் கெடக்கும். பாட்டிலை அடுப்போரம் வெச்சு இளக்கினாத்தான் தலைக்குத் தேய்க்க முடியும். எங்க காந்தல் பக்கம் எல்லார் ஊட்டுலயும் இதே கதைதான். அந்தப் பழக்கம் என் எபாக்சிப் பசையில வந்து கை வெக்கும்னு நான் கனவுலயும் நினைக்கலை.

நான் கையாலயே கிட்டார் செய்யறவன். அப்போ மேசை மேல கெடந்தது என் சம்சாரத்தோட தம்பிக்குச் செஞ்சது. டீ ஃபேக்டரி மெஷின்ல இடது கையில ரெண்டு விரல் போனதுல இருந்து அவன் கிட்டாரைத் தொடறதே இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சுப் போயிருவான். "இடக்கைக்காரங்க கிட்டார் செஞ்சு தர்றோம், கை மாத்திப் புடிச்சு ஒருக்கா வாசிச்சுப் பாருடா"ன்னு அவங்கக்கா கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வெச்சிருந்தா. "ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெடியா இல்லீன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுரு, அக்கா"ன்னுட்டான். சொன்னாச் சொன்னதுதான் அவன்.

பின்பலகை ஈட்டி மரம். ஊசி குத்தினாப்ல துளை துளையா இருக்கும். எபாக்சியை இழுத்துப் பூசி அடைச்சாத்தான் மேல பாலிஷ் வழவழன்னு நிக்கும். குளிருக்கு எபாக்சியில கலக்கற ரெசின் சர்க்கரை பூத்துக் கெடந்தது. நான் கடைக்குப் போயிருந்த நேரத்துல, நல்லது செய்யறதா நினைச்சு, என் சம்சாரம் ரெசினையும், அதை இறுக வெக்கற ஹார்டனரையும் எண்ணெய் பாட்டிலோட அடுப்போரம் வெச்சுட்டா. வந்து பார்த்தா ரெசின் தெளிஞ்சிருக்குது. கையுறை போட்டிருந்ததுல சூடு தெரியலை. கலந்துட்டேன்.

சூடாக் கலந்தா எபாக்சி நிமிஷத்துல இறுகிரும். பாதிப் பலகை கூடப் பூசலை, கலந்து வெச்ச கப்பு பொகைய ஆரம்பிச்சிருச்சு. பூசினது கட்டி கட்டியா, பூசற அட்டையோட இழுத்துக்கிட்டு வருது. "நாசமாப் போச்சு! அடுப்புல வெக்க இதென்ன எண்ணெயா புள்ள?"ன்னு கத்தினேன். அவ மூஞ்சி செத்துப் போச்சு. "ஏனுங்க, சுரண்ட முடியாதுங்களா?"ன்னா.

சுரண்டலாம். ஹேர் டிரையர்ல சூடு காட்டினா இளகும். ஆனா பலகை தோசை கனம்தான். சூடு ஏறினா உள்பக்கம் ஒட்டியிருக்கற சட்டம் பசை விட்டுரும். அப்புறம் கிட்டாரே போச்சு. உள்ள கை வெச்சுப் பார்த்தாத்தான் சூடு தெரியும், ஆனா முன்னாடி ஓட்டையில என் முரட்டுக் கை போகாது. அவ வளையலைக் கழட்டிட்டுக் கையை உள்ள விட்டா. கிட்டாரை நிமித்தி வெச்சு, அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"சட்டத்து மேல உள்ளங்கையை வெச்சுக்க. சுட்டா உடனே சொல்லு, நிறுத்திக்கறேன்."

சூடு காட்டறேன், பிளேடால சுரண்டறேன். "சுடுதா?" "இல்லீங்க." இன்னும் கொஞ்சம். "இப்போ?" "இல்லீங்க, நீங்க சுரண்டுங்க." வெளிய மூடுபனி, எனக்கோ வேர்த்து ஊத்துது. கடைசிக் கட்டி பெயர்ந்து வந்த பிறகும், ஆறட்டும்னு அவ கையை எடுக்கலை.

எடுத்தப்பத்தான் பார்த்தேன். உள்ளங்கை பூராச் சிவந்து, நடுவுல கொப்புளம். சட்டத்தோட தடம் கோடா விழுந்திருந்தது.

"பைத்தியமா உனக்கு! சுடலைன்னு சொன்னியே!"

"சொன்னா நிறுத்திப்புடுவீங்களே."

எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. பசை இளகித்தான் இருக்கோணும். அவ அழுத்திப் புடிச்சிருந்ததுல அப்படியே ஆறி ஒட்டிக்கிச்சு. தட்டிப் பார்த்தேன், சட்டம் அசையலை. அப்புறம் ரெசினையும் ஹார்டனரையும் நல்லா ஆற வெச்சுக் கலந்து மறுபடி பூசினேன்.

ஞாயித்துக்கிழமை தம்பி வந்தான். அக்கா கையில சுத்தியிருந்த துணியைப் பார்த்து, "என்னாச்சுக்கா?"ன்னான். "தோசைக்கல்லு பட்டிருச்சுடா." அவன் என் மூஞ்சியைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன்.

கிட்டாரை மாத்திப் புடிச்சு, இடது கையில மிச்சமிருந்த விரல்களால கம்பியை மீட்டினான். வலது கை எங்கெங்கியோ தடுமாறுச்சு. கண்றாவியா ஒரு சத்தம் வந்துச்சு. வெச்சுட்டுப் போயிருவான்னே நினைச்சேன்.

"கேவலமா இருக்குதில்லக்கா?"

"ஆமாண்டா, கேவலமாத்தான் இருக்குது. இன்னொருக்கா வாசி"ன்னா அவ.

வாசிச்சான்.