கீபோர்டில் இல்லாத நோட்டு

லேமினேஷன் மெஷின் சூடாகும்போது ஒரு வாசனை வரும். லேசாகக் கருகின பிளாஸ்டிக்கும் புதுப் பேப்பரும் கலந்த வாசனை... எனக்கு இசை என்றால் இன்றைக்கும் அந்த வாசனைதான்.

பத்தொன்பது வயசுக்காரனுக்கு என்ன பெரிய ஞாபகம் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நாளெல்லாம் மவுஸ் பிடித்த மணிக்கட்டு வலிக்கிறது. வலித்தால் பழசு தானாக வருகிறது.

ஆம்பூர் பஜாரில் எங்கள் மாமாவுக்கு டி.டி.பி., லேமினேஷன் கடை. முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை, தமிழும் உருதுவும். பின்னால் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் நான். இசைக்குறிப்பு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றை அதில் இறக்கி வைத்திருந்தேன். ஐந்து கோடு. அதன்மேல் மவுஸால் ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டும். வைத்ததும் ஸ்பீக்கர் "டிங்" என்று வாசித்துக் காட்டும். பள்ளிக்கூடத்தில் நோட்ஸே எழுதாதவன் இங்கே நோட்ஸாக எழுதித் தள்ளினேன். ஆரம்பத்தில் ஸ்வரம் வரவில்லை, ஜுரம்தான் வந்தது.

தோஸ்த் இர்ஃபான் ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, சக்கரை டப்பாவ மூட மறந்துட்டியா? ஒரே எறும்பு!" என்றான்.

அந்த எறும்புகளை நம்பிய ஒரே ஆள் மெர்சி அக்கா.

ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கீபோர்டு. ஹாஸ்டலில் படித்த காலத்தில் நோட்டு பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டவர். ஓவர்டைம் பார்த்த வாரம் விரல் மரத்துப் போயிருக்கும், அங்கங்கே தடுக்கும். அந்த வருஷம் ஈஸ்டர் அன்று நடுப்பாட்டில் கை நின்றே போய்விட்டது.

பாடகர் குழுவை நடத்தும் சாமுவேல் அங்கிள் பக்குவமாகத்தான் சொன்னார்.

"மெர்சிம்மா, திருப்பத்தூர் பக்கம்லாம் பென்டிரைவ்தான். பட்டனத் தட்டினா பாட்டு. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். சரியா வரலன்னா நாமளும் மாறிடலாம். தப்பா எடுத்துக்காத."

அக்கா நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"டேய் வாலு, கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஒரு பியானோ பார்ட் எழுதிக் குடு. என் கைக்கு ஏத்த மாதிரி இருக்கணும். அந்தக் கீபோர்டு சேரும் போச்சுன்னா வாரத்துல எனக்குன்னு வேற ஒண்ணும் இல்லடா."

எழுதினேன். விரல் தடுக்கும் இடங்களை எல்லாம் சுலபமாக்கினேன். வேகமா மெதுவா என்று சொல்லும் இத்தாலிய வார்த்தைகள் வர வேண்டிய இடத்தில் என் கைவரிசை: "இங்க அவசரம் வேணாம்", "இங்க மூச்சு விடு, செத்துடாத", "அங்கிள் முறைப்பாரு, கண்டுக்காத".

கடைசி வரியில் மட்டும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இடது கையைக் கீழே, இன்னும் கீழே இறக்கினேன். கோயில் மணி மாதிரி ஸ்பீக்கரே அதிர்ந்தது. மாமா முன்னாலிருந்து, "டேய், ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்!" என்று கத்தினார். எனக்கோ பரம திருப்தி.

சனிக்கிழமை ஒத்திகை. அக்கா அழகாக வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் இடது கை இறங்கியது, இறங்கியது... கீபோர்டு முடிந்துபோய், "டொக்" என்று மேஜைக் கட்டையில் விழுந்தது.

சாஃப்ட்வேரில் இருந்தது முழுப் பியானோ. சபையில் இருந்ததோ சின்னக் கீபோர்டு. கம்ப்யூட்டருக்குக் கையும் இல்லை, மேஜையும் இல்லை. எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடும். இது எனக்கு உறைக்கவே இல்லை.

"இந்த நோட்டு எங்கடா இருக்குது?" என்றார் அக்கா. "ஆற்காட்டுப் பக்கம் திமிரி ஊர்லயா? உன் திமிரு மட்டும் இங்கயே இருக்குது!"

குழுவே சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. "நாளான்னிக்கு கிறிஸ்மஸ்" என்று மட்டும் சொன்னார்.

மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. பின்வரிசையில் கனத்த குரலில் பாடுகிற மூன்று தோல் பதனிடும் ஷாப் அண்ணன்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, என் கை கட்டையில விழறப்ப நீங்க மூணு பேரும் வாய மூடிக்கினு 'ம்ம்ம்'னு இழுங்க."

இழுத்தார்கள். நான் எழுதிய அளவுக்கு ஆழம் இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் வராத ஏதோ ஒன்று வந்தது.

கிறிஸ்மஸ் அன்று ஒரு தடுக்கல் கூட இல்லை. ஆராதனை முடிந்ததும் அங்கிள் அக்காவிடம், "சேர் உன்னுதுதாம்மா" என்றார். பிறகு என் தோளில் கை போட்டார். "தம்பி, உன் கம்ப்யூட்டர் இத அப்படியே வாசிக்குமாமே? ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு. ப்ராக்டிஸுக்கு மட்டும்."

போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதமே கம்பெனியில் அவசர ஆர்டர், ஞாயிறும் டியூட்டி. அக்கா வர முடியாத அன்று, எல்லாருக்கும் பிடித்துப்போன அதே பாட்டைப் பென்டிரைவ் வாசித்தது. கடைசி வரியில் மூன்று அண்ணன்களும் மூச்சை இழுத்தார்கள். அதற்குள் அந்த நோட்டு ஸ்பீக்கரிலிருந்தே வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. வந்த வாரம் வாசித்தார். வராத வாரங்கள் ஜாஸ்தியாயின, பென்டிரைவில் பாட்டுகளும் ஜாஸ்தியாயின. பிறகு கீபோர்டுக்கு உறை போட்டுவிட்டார்கள்.

இப்போது எனக்கு இதுதான் பிழைப்பு. ஆட்கள் பாட்டை முனகி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள், நான் பியானோ பார்ட் எழுதித் தர வேண்டும். கைக்கு எட்டாத நோட்டு வைத்தால் புது சாஃப்ட்வேர் சிவப்பாகக் காட்டுகிறது. "வாசிக்கப் போறது யாரு?" என்று முதலில் எல்லாம் கேட்பேன். "யாரும் இல்ல ப்ரோ, ஆடியோவா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க" என்பார்கள். இப்போது கேட்பதில்லை. சிவப்பையும் பார்ப்பதில்லை.

போன வாரம் சபைக்குப் போனேன். மெர்சி அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். "வாசிக்கலாம்லக்கா?" என்றேன்.

"பென்டிரைவ் தடுக்காதுடா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. பின்னால் இருந்த வயசானவர்கள் வழக்கம்போல இழுத்து இழுத்துப் பாடினார்கள். அக்கா வாசித்த காலத்தில் அவர்களுக்காக வேகத்தைக் குறைப்பார், திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார். ட்ராக் முடிந்து ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. அவர்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

பாதியில் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.