டேப்பட் சத்தம்

எஞ்சின் பெட்டி என் வலது முழங்காலை ஒட்டியே இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் டிரைவர், இந்தப் பக்கம் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த சிறிய பிரசவ ஆஸ்பத்திரிக்கு யாரோ கொடுத்த பழைய டீசல் வேன் அது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அதில்தான் போவோம். கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை அந்தப் பெட்டிக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம். எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரையில் படித்த நர்ஸ் என்ற மிதப்பு. சத்தத்தால் தலை வலித்தது பாதி உண்மை. ஊருக்குள் வண்டி நுழையும்போது ஜனங்கள் சிரித்ததுதான் மீதி.

டிரைவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அவ்வப்போது காலையில், எஞ்சின் சூடேறுமுன், மேல்மூடியைக் கழற்றி டேப்பட் பார்ப்பார். வால்வின் தலைக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, அது லேசாக உரசிக்கொண்டு வருகிறதா என்று கண்ணை மூடி இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் பக்கத்தில் போய் நின்று, சத்தமே வராமல் இறுக்கச் சொன்னேன்.

“இறுக்கக் கூடாது நர்சம்மா. சூடேறுனா இரும்பு நீளும், அதுக்கு எடம் விடணும். இல்லாட்டி வால்வு சரியா மூடாது, கருகிப்போயிரும். சத்தம் கெடந்துட்டுப் போகட்டும்.”

“மத்த வண்டியெல்லாம் இப்படியா கத்துது? உங்களுக்கு வேலை தெரியலைன்னு டாக்டர்கிட்டச் சொல்லவா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருகையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். மறுநாள் வண்டி அமைதியாக ஓடியது. சில வாரங்களில் காலையில் கிளம்ப மக்கர் பண்ணியது. மறுபடி தளர்த்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பரளச்சிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், பெண் குழந்தை பிறந்த பின்னும் ரத்தம் நிற்காத ஒருத்தியை நடுப்பகலில் வேனில் ஏற்றினோம். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஆண்கள் சேர்ந்து தள்ளினார்கள். வெறும் புகைதான் வந்தது. மாட்டுவண்டி பூட்டினார்கள். டிரைவர் தன் துண்டை விரித்து அவள் முகத்தில் வெயில் படாமல் பிடித்தபடி கூடவே நடந்தார். அவளுடைய தாய், “பொழைச்சுக்கிருவாளா தாயி?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். தார் ரோடு வருமுன்பே கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தபோது இரண்டு வால்வுகள் கருகியிருந்தன. டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“யாருய்யா டேப்பட்டை இப்படி இறுக்குனது?”

“நாந்தாங்கய்யா,” என்றார் டிரைவர். நான் மருந்துப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று.

சில வருடங்கள் கழித்துக் காரியாபட்டிச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கீகளா நர்சம்மா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பஸ் வந்திருக்கவில்லை.

டாக்டரும் போய்விட்டார், டிரைவரும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இதைச் சொல்ல வேண்டியவர்களில் மிச்சமிருப்பது அன்று பிறந்த அந்தக் குழந்தை மட்டும்தான். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். அவள் ஊருக்கு இப்போது தினமும் பஸ் போகிறது. நான் இன்னும் ஏறவில்லை, இனிமேலும் ஏறப்போவதில்லை.