எட்டுக் கண்ணும் காணாத கை

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்தது எனக்கு, அவர்களுக்கு இல்லை. 2023 ஓகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறை. நான் சொல்லும் நேரங்களும் எண்களும் லப்டொப்பில் பதிந்து கிடக்கின்றன. ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஷெல்டன் இன்று உயிரோடு இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோசனம்?

என் பெயர் அனுஷியா. ஷெல்டனும் நானும் ஒரே தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவன் வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா இல்லை. தாய் மேபல் அன்ரிக்கு அவன் ஒரே பிள்ளை. மறுநாள் காலை எங்களுக்கு ரோபோ போட்டி. வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தானாக ஓட வேண்டிய சின்ன வண்டி அது. புரோகிராம் அவனுடையது, வயரிங் என்னுடையது. என் வயரிங்கில் யாராவது பிழை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோட்டைப் பார்ப்பது ஒரு செங்கீழ், அதாவது இன்ஃப்ராரெட், சென்சர் போர்ட். விரல் நீளம்தான் இருக்கும். அதில் எட்டுக் கண். ஒவ்வொன்றும் நமக்குத் தெரியாத ஒரு ஒளியை அடிக்கும். எதிரே ஏதாவது இருந்தால் ஒளி பட்டுத் திரும்பும், லப்டொப் திரையில் எண் நூறுக்குக் கீழே இறங்கும். எதிரே ஒன்றும் இல்லையென்றால் ஆயிரத்துக்கு மேல் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். வெயில் பட்டால் எண் குழம்பும். கடல் பக்க யன்னலில் வெயில் போகும்வரை காத்திருந்து, பத்து வயரையும் சோல்டர் பண்ணி முடித்தேன்.

மாலை 6.50. வண்டியைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன், எட்டுக் கண்ணும் மேலே பார்க்கிற மாதிரி. வயரிங் சரியா என்று பார்க்க எல்லோரும் செய்வதுதான், உள்ளங்கையை மேலே பிடித்தேன். 62, 58, 60... எட்டும் இறங்கின. கையை எடுத்தேன். எட்டும் ஏறின.

"பாத்தியா? இப்ப நீ பிடி."

ஷெல்டன் பிடித்தான். 1004, 1007, 1003... ஒன்றும் இறங்கவில்லை.

"அனு, உன்ட சோல்டரிங் விட்டுட்டுது போல."

"என்ட சோல்டரிங்கா? கையைக் கிட்டப் பிடியடா!"

"முட்டுற மாதிரித்தான் பிடிச்சிருக்கிறன். பிழையை ஒத்துக்கொள்ளன், என்ன குறைஞ்சா போயிடுவாய்?"

அந்த நேரம் அம்மா டீ கொண்டு வந்தார். பழனியம்மா என்றால் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், பயப்படுகிற ஆள் இல்லை. அவர் கையைப் பிடித்து போர்டுக்கு மேலே வைத்தேன். 70. டீக் கோப்பையை வைத்தேன். 45. ஒரு நோட்டுக் கொப்பியை வைத்தேன். 39.

மறுபடியும் ஷெல்டன். 1005.

"தம்பி மந்திரம் கிந்திரம் படிச்சிருக்கோ?" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். விடுவேனா? பத்து வயரையும் கழற்றி முதலிலிருந்து சோல்டர் பண்ணினேன். ஒவ்வொரு இணைப்பையும் மீற்றர் வைத்துப் பார்த்தேன். பழுதே இல்லை.

7.38. என் கை, 61. அம்மாவின் கை, 69. ஷெல்டனின் கை... 1004.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

7.44. அவனைக் கையை எடுக்க வேண்டாம் என்றேன். அவன் கைக்கு மேலே என் கையைப் பிடித்தேன். எண்கள் இறங்கின. 88, 85, 87... "இப்ப உன்ட கையை மட்டும் எடு," என்றேன். எடுத்தான். 88, 85, 87. ஒரு புள்ளிகூட மாறவில்லை. நடுவில் அவன் கை இருந்தாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான்.



கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஃபோன் கமராவில் ஊதாப் புள்ளியாகத் தெரியும். 7.51க்கு ஃபோனை மேலே பிடித்தேன். எட்டுப் புள்ளி. என் கையை வைத்தேன், புள்ளிகள் மறைந்தன. ஷெல்டன் கையை வைத்தான்.

கண்ணுக்கு அவன் கை தெரிந்தது.

ஃபோனிலும் கை தெரிந்தது.

அந்தக் கையின் நடுவில்... எட்டுப் புள்ளியும் தெரிந்தன.

அவனும் பார்த்தான். கையை மெல்ல இழுத்துக்கொண்டான். நான் எட்டி அந்தக் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. நாடி துடித்தது. உயிருள்ள கைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டேய், இண்டைக்கு இஞ்சயே நில்லு."

"அம்மா தனிய இருக்கிறா. போர்ட் பழுது, வேற ஒண்டுமில்ல."

"இருங்க தம்பி," என்றார் அம்மா. "காலைல எல்லாருமா போவோம்."

அவன் பையை எடுத்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "விடியும்வரை போர்டை இப்பிடியே ஓட விடு. எண் எங்க குழம்புது எண்டு நாளைக்குப் பாப்பம்," என்றான்.

வாசல்வரை ஓடினேன். "ஷெல்டன், என்ட வயரிங்தான்டா பிழை. நான் ஒத்துக்கொள்ளுறன். போகாத."

என் வாயிலிருந்து அது வந்ததும் அவன் நின்றுவிட்டான். என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தான். வயரிங் சரி என்று அவனுக்கும் தெரியும். கடவுளே, பிழையாக இருந்துவிடக் கூடாதா என்று அந்த ஒரு நாள்தான் நான் கும்பிட்டேன்.

8.05க்குப் போனான்.

9.22க்கு ஃபோன் வந்தது.

"வீட்ட வந்திட்டன். சாப்பிட்டுட்டன். பாத்தியா, ஒண்டும் ஆகேல்ல."

"படு. விடிய எடுக்கிறன்," என்றேன். உயிர் வந்தது எனக்கு. கதவை உள்ளே தாழிட்டேன். போர்டையும் லப்டொப்பையும் மேசையில் ஓடவிட்டு 9.40க்குப் படுத்தேன். அன்றிரவு அறையில் ஒரு சத்தமும் இல்லை.

விடிய 5.50க்கு ஃபோன் அடித்தது. மேபல் அன்ரி.

"மகள்... ஷெல்டன் எழும்புறானில்ல..."

நித்திரையிலேயே இதயம் நின்றிருக்கிறது. இருபத்தொரு வயது, ஒரு நோய் வருத்தமும் இல்லாத பிள்ளை. உயிர் போனது இரவு பத்து மணியளவில் என்று பரிசோதித்த டொக்டர் எழுதினார். போட்டிக்கு யாரும் போகவில்லை. போர்டைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டேன். லப்டொப்பைத் தொடவே இல்லை.

அவனுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த பின்னேரம்தான் லப்டொப்பைத் திறந்தேன். அன்றிரவு போர்ட் காட்டிய எண்கள் நொடிக்கு ஒரு வரியாகப் பதிந்திருந்தன.

9.00. எட்டும் ஆயிரத்துக்கு மேல்.

9.30. அப்படியே.

10.00. அப்படியே.

10.07. எட்டும் இறங்கியிருந்தன. 61, 58, 60...

பல்லி, பூச்சி என்று சொல்ல வராதீர்கள். எட்டுக் கண்ணையும் ஒரே நொடியில் மூட ஒரு உள்ளங்கை வேண்டும். கீழே போய்ப் பார்த்தேன். 11.00, 1.00, 3.00... ஒரு தடவைகூட எண் மேலே ஏறவில்லை. விடிய 5.14க்குத்தான் ஏறியிருந்தது.

மேபல் அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன். அன்று எத்தனை மணிக்கு அவனை எழுப்பப் போனீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சேகால் இருக்கும் மகள். சேர்ச்சில காலைப் பூசைக்கு மணி அடிச்ச நேரம். எழும்படா எண்டு அவன்ட கையைப் பிடிச்சுத் தூக்கினனான்... ஏன் கேக்கிறாய்?"

ஃபோனை வைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தேன்.

10.07 இலிருந்து 5.14 வரை. ஏழு மணித்தியாலம் ஏழு நிமிடம். அவ்வளவு நேரமும் நான் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்திருந்தேன். ஒரு தடவைகூட விழிக்கவில்லை.